தொண்ணூற்றொரு கதிரைகள்

வீரம்மா டீச்சருக்குக் கோபம் வந்தால், கையில் இருக்கிற, கரண்ட் பார்க்கிற டெஸ்டரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வார். பேசாமல் இருக்கப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கையையும் ஆட்டிப் பேச வசதியாக இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அன்றைக்குப் பயிற்சி நிலையத்துப் பொறுப்பதிகாரியின் அறையில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நூத்தி நாப்பத்தி மூணு பொம்பளப் பிள்ளைங்களுக்கு வயரிங் படிச்சுக் குடுத்திருக்கோம். அதுல பதினோரு பேருக்குத்தான் வேலையா? யாரு சேர் இத எண்ணினது? கண்ணத் தொறந்துக்கிட்டு எண்ணினாங்களா, மூடிக்கிட்டு எண்ணினாங்களா?"

பொறுப்பதிகாரி அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் காலையில் மப்ளர் சுற்றாமல் வெளியே வரமாட்டார். அடுத்த வருஷம் பென்சன். அதுவரைக்கும் எந்தக் கடதாசியும் தன்மேல் வந்து விழாமல் இருந்தால் போதும் என்பதுதான் அந்த மனிதரின் ஒரே பிரார்த்தனை. விழுந்துவிட்டது.

"கத்தாதையுங்கோ டீச்சர். கணக்காய்வு அறிக்கையில உள்ளதைத்தான் அவையள் கேக்கினம். வாற வியாழக்கிழமை பாராளுமன்றக் குழு இஞ்சயே வருது. படிப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் எண்டு அரசாங்கம் குடுக்கிற காசு எங்க போகுது எண்டு பாக்கினமாம்."

"வரட்டுமே. பாக்கட்டுமே."

"கடைசிப் பக்கத்தை வாசிச்சனீங்களே?"

வீரம்மா வாசிக்கவில்லை. அவர் முதல் பக்கத்திலேயே கொதித்துப்போய் நின்றுவிட்டார். இப்போது திருப்பிப் பார்த்தார். நான்கு வருஷத்துச் செலவைப் பதினொன்றால் வகுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி, ஒரு பிள்ளைக்கு வேலை எடுத்துக் கொடுக்க ஆன செலவில் ஒரு மோட்டார்க் கார் வாங்கலாம். அதற்குக் கீழே இரண்டே வரி. பெண்களுக்கான வீட்டு மின்னிணைப்புப் பாடநெறியை நிறுத்திவிடலாம். அடுத்த தொகுதிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியதில்லை.

டீச்சர் அந்த இரண்டு வரியையும் திரும்ப ஒரு தரம் வாசித்தார். அவருடைய சம்பளம் எங்கும் போகாது. வேறு ஏதாவது அலுவலகத்தில் ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லிவிடுவார்கள். அதுவல்ல விஷயம். அடுத்த மாதம் முதலாந் தேதி இருபத்துநான்கு பிள்ளைகள் அம்பிட்டிய மேட்டில் இருக்கிற இந்தக் கட்டடத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள். நேர்முகத் தேர்வில் அந்த இருபத்துநான்கு முகத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். தேர்வான செய்தியைச் சொன்னபோது ஒரு பிள்ளை மகிழ்ச்சியில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அந்தப் பிள்ளைக்கு இனிப் போன் எடுத்து, நீ வராதே என்று எந்த வாயால் சொல்வது?

பதினொன்று என்கிற அந்தக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? கேட்டால் உங்களுக்கும் டெஸ்டரைச் செருகிக்கொள்ளத் தோன்றும். ஒரு தொகுதி படித்து முடித்து ஆறு மாதம் ஆனதும், தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழுப்பு உறை போகும். உள்ளே ஒரு படிவம். வேலை செய்கிறீர்களா, செய்தால் முதலாளியிடம் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புங்கள் என்று இருக்கும். பதில் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் அவர்களுடைய கணக்கு.

பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஏழாம் லயம், மேல் பிரிவு, இன்ன தோட்டம் என்று விலாசம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். தபால்காரர் மலைமேல் இருக்கிற அந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறுவாரா? தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அங்கே ஒரு அட்டைப்பெட்டியில் அது படுத்துக் கிடக்கும். யாராவது எப்போதாவது கண்டு கொண்டுவந்து கொடுத்தாலும், பழுப்பு உறையைப் பார்த்ததும் வீட்டில் யாரும் அதைப் பிரிக்கமாட்டார்கள். கோர்ட்டுக் கடிதமோ என்னவோ என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். கண்டி நகரத்துக்குள்ளே இருக்கிற மஹய்யாவவிலும் இதே கதைதான். எட்டு வீட்டுக்கு ஒரு இலக்கம்; எந்த வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் தேடுவது? வீரம்மா பிறந்து வளர்ந்து குடியிருப்பதே மஹய்யாவவில் என்பதால் அவருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சிவப்பு மட்டை போட்ட கொப்பி ஒன்றில் நூற்று நாற்பத்து மூன்று பேருடைய போன் இலக்கமும் இருந்தது.

"கடுதாசி கெடக்கட்டும் சேர்," என்றார். "பிள்ளைங்களையே கூட்டிக்கிட்டு வந்து காட்டுறேன். மண்டபத்துல உக்கார வச்சு, எண்ணிக்கிடச் சொல்லுவோம்."

அம்பிகைபாகன் மப்ளரைத் தளர்த்தினார். "வருவினமோ?"

"நான் கூப்பிட்டா வராம?"

இந்த இடத்தில்தான் டீச்சர் கோட்டை விட்டார். மூன்று நாள், வகுப்பு முடிந்த பிறகு உட்கார்ந்து போன் போட்டார். வேலை இருப்பவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்டார். ஆளைப் பொறுக்கி எடுத்துக் காட்டினோம் என்ற பேச்சு வரக்கூடாது அல்லவா. நூற்றுப் பதினெட்டுப் பேர் போனில் கிடைத்தார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"வர்றோம் டீச்சர்."

நம் சனத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதிலேயே விஷயம் விளங்கியிருக்கும். கல்யாணமோ, சடங்கோ, கோயில் திருவிழாவோ, ஒருவர் வாய் திறந்து அழைத்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிற பழக்கம் நம்மிடம் கிடையாது. வர்றோம் என்று சொல்லிவிடவேண்டும். அதுதான் மரியாதை. வருவதும் வராததும் பிறகு பார்த்துக்கொள்கிற சங்கதி. அழைக்கிறவருக்கும் அது தெரியும். முந்நூறு பேர் வர்றோம் என்றால் நூற்றைம்பது பேருக்கு உலை வைப்பார். வீரம்மா தன் மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் கணக்குப் பார்த்துச் சமைத்தார். ஆனால் இந்தத் தடவை ஆசை கண்ணை மறைத்துவிட்டது. நூற்றுப் பதினெட்டையும் அப்படியே நம்பினார்.

கதிரைக்கு எங்கே போவது? பயிற்சி நிலையத்தில் இருந்தது இருபது. மஹய்யாவ மரண உதவிச் சங்கத்தில் தொண்ணூற்றொரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. டீச்சரின் புருஷன் இராமையா அந்தச் சங்கத்தின் பொருளாளர். ஆகவே புதன்கிழமை பின்னேரமே லொறியில் வந்து இறங்கின; போதாததற்கு வகுப்பறை பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் கறுப்பு மையில் சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்து அம்பிகைபாகனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"டீச்சர், பாராளுமன்றக் குழு வாற இடத்தில செத்த வீட்டுக் கதிரையே?"

"எழுத்து முதுகுல சேர். அவங்க முன்னாலதானே உக்காரப் போறாங்க."

"தேத்தண்ணி?"

"நூத்தி முப்பது மாலு பணிஸுக்குச் சொல்லிட்டேன். நீங்க கவலப்படாம வீட்டுக்குப் போயிட்டு, காலையில நல்ல சேர்ட்டா போட்டுக்கிட்டு வாங்க."

வியாழக்கிழமை விடியும்போதே தூறல். எட்டரைக்கு, மீன் வைத்துச் சுட்ட அந்தப் பணிஸ் வந்தது. ஒன்பதுக்குத் தேநீர் கொதித்தது. குழு பத்து மணிக்கு. பிள்ளைகளை ஒன்பதரைக்கே வரச் சொல்லியிருந்தது. ஒன்பதரைக்கு மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. வீரம்மா வாசலில் நின்று, ஏறி வருகிற பஸ் ஒவ்வொன்றையும் பார்த்தார். முதல் பஸ்ஸில் யாரும் இறங்கவில்லை. இரண்டாவதில் ஒரு பிள்ளை இறங்கினாள்: அக்குறணைப் பக்கத்துக் கைரியா. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்த பஸ்ஸில் யோகேஸ்வரியும் செல்வமலரும் இறங்கினார்கள். மூன்று பேரும் நன்றாக உடுத்தி, பூ வைத்து, தலையை மூடி, அவரவர் வழக்கப்படி அழகாக வந்திருந்தார்கள்.

"மத்தவங்கெல்லாம் எங்கடி?" என்றார் டீச்சர்.

கைரியாதான் வாயைத் திறந்தாள். "டீச்சர், இன்டைக்கு வியாழக்கெழம. வேலை நாள். அவங்களுக்கு லீவு கெடச்சிருக்காது."

"அப்ப நீங்க மூணு பேரும்?"

"எங்களுக்குத்தான் வேலை இல்லையே டீச்சர்."

வீரம்மா பஸ்ஸைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். தன்னைத்தானே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வேலை இருக்கிறது என்று காட்டக் கூப்பிட்டால், வேலை இருக்கிறவளால் எப்படி வரமுடியும்? ஓய்ந்திருக்கிறவள்தான் வருவாள். இந்தச் சின்ன விஷயம் நாற்பத்தெட்டு வயது மூளைக்கு எட்டாமல் போய்விட்டதே. குழு உள்ளே வந்தால், கண்முன்னே வரிசை வரிசையாக வெறும் கதிரைகள், முன்வரிசையில் வேலையில்லாத மூன்று பேர். கணக்காய்வு அறிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சியை அவர்களாலேயே தேடியிருக்க முடியாது.

அம்பிகைபாகன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், அந்தப் பிள்ளையளிட்டச் சொல்லுங்கோ. கேட்டால், ஏதோ செய்யிறம் எண்டு..."

"வேணாம் சேர். பொய் சொல்லவா நான் அதுகளுக்குப் படிச்சுக் குடுத்தேன்?" சொல்லிவிட்டு டீச்சர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இருபத்துநான்கு முகமும் கண்ணுக்குள் வந்து நின்றன.

மூன்று வாகனம் வந்து நின்றது. குழுவின் தலைவர் ஆறடி உயரம், அதற்கேற்ற பருமன். அவருக்குப் பின்னால் நான்கு உறுப்பினர்கள், பைல் தூக்குகிறவர்கள், கடைசியாகக் கணக்காய்வு அதிகாரி பத்மாதேவி. அந்த அறிக்கையை எழுதிய அம்மாள் இவர்தான். ஒல்லியாக, நிமிர்ந்து, கோடு போடுகிற அடிமட்டம் மாதிரி இருந்தார். விடியற்காலையிலேயே கிளம்பிவிட்ட தலைவருக்கு அன்றைக்கு இது மூன்றாவது இடம். முதல் இரண்டு இடத்திலும் மாலையும் போட்டு, திரையில் படமும் காட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பியிருந்தார்கள். அந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

உட்கார்ந்தார். எதிரே பார்த்தார். "இவ்வளவு கதிரை யாருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அம்பிகைபாகன் டீச்சரைப் பார்த்தார். வீரம்மா எழுந்தார். மஹய்யாவவில் வளர்ந்தவருக்குச் சிங்களமும் தாய்மொழி மாதிரித்தான்.

"எங்களிடம் படித்த பிள்ளைகளுக்குப் போட்டது சேர். எல்லாரும் வருகிறோம் என்றார்கள். மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள்."

"நல்லது. இந்த மூன்று பேரும் எங்கே வேலை செய்கிறார்கள்?"

"இவர்களுக்கு வேலை இல்லை சேர்."

பைல் தூக்கி வந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்மாதேவி எழுதினார். தலைவர் மட்டும் டீச்சரை உற்றுப் பார்த்தார். காலையிலிருந்து அவர் கேட்ட முதல் நேரான பதில் அதுதான்.

"மற்றவர்கள்?"

"வேலையில் இருக்கிறார்கள். அதனால்தான் வரவில்லை. நான்தான் யோசிக்காமல் வேலை நாளில் கூப்பிட்டுவிட்டேன்."

"அதற்கு ஆதாரம்?" இது பத்மாதேவி. தமிழிலேயே கேட்டார். "கடிதம் ஏதும் இருக்கோ? நாங்கள் அனுப்பின படிவத்துக்கு நூற்று முப்பத்திரண்டு பேர் பதிலே போடேல்லை."

வீரம்மா தோட்டத்து ஆபீஸ் அட்டைப்பெட்டியையும் சாமி படத்தையும் பற்றிச் சொன்னார். ஒரு உறுப்பினர் தலையை ஆட்டினார்; அவருடைய தேர்தல் தொகுதியில் தோட்டங்கள் உண்டு. பத்மாதேவி ஆட்டவில்லை. கதை நல்ல கதைதான், ஆனால் கதையை வைத்து அறிக்கையைத் திருத்த முடியாது என்றார். அதில் தப்பும் சொல்ல முடியாது. அந்த அம்மாளின் வேலை அது.

டீச்சரின் கை தன்பாட்டுக்குக் காதுப் பக்கம் போனது. நல்ல சேலை கட்டிய நாளென்று டெஸ்டரை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கைக்குக் கிடைத்தது அந்தச் சிவப்பு மட்டைக் கொப்பி. அதைக் கொண்டுபோய்த் தலைவர் முன்னால் வைத்தார்.

"சேர், அவர்களால் வரமுடியாவிட்டால் நாங்கள் போவோம். போனில் போவோம். பதில் போடாதவர்கள் பட்டியல் மிஸ்ஸிடம் இருக்கிறது. அதில் எந்த இலக்கத்தை வேண்டுமானாலும் நீங்களே சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசுவோம்."

தலைவர் ஒரு மாலு பணிஸை எடுத்துக் கடித்தார். மென்றபடியே, "இருபத்தேழு" என்றார்.

பத்மாதேவி பட்டியலைப் பார்த்தார். "சீதா. திகன."

வீரம்மா இலக்கத்தைப் போட்டு, ஒலிபெருக்கியை அமுக்கி, போனை மேசை நடுவில் வைத்தார். ஆறு தடவை அடித்தது. பிறகு பெரிய இரைச்சல், சுத்தியல் சத்தம்.

"டீச்சர், ஏணியில நிக்கிறேன். ஒரு கையில லைவ் வயரு. பொறகு பேசுறேன்." வைத்துவிட்டாள்.

மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள், டீச்சரைத் தவிர. அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "லைவ் வயரைப் புடிச்சுக்கிட்டு போனை எடுக்கிறாளே பாவி," என்று அந்தச் சபையிலேயே சொல்லிவிட்டார். "மொத நாள் மொத பாடமே அதுதான். நாளைக்கு அவளை நேருல போய்ப் பாத்துக்கிடுறேன்." பத்மாதேவியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. இருபத்தேழுக்கு நேரே ஒரு சரி போட்டார்.

"ஐம்பத்தெட்டு" என்றார் தலைவர்.

ஐம்பத்தெட்டு தமயந்தி. போனை எடுத்தது அவளல்ல, ஒரு ஆம்பிளை. வாவிக்கரையில் ஒரு ஹோட்டலின் மேற்பார்வையாளராம். யார் என்ன என்று கேட்கவில்லை. சிங்களத்தில் கொட்டித் தீர்த்தார். அந்தப் பிள்ளை மெயின் போர்டைக் கழற்றி வைத்து நிற்கிறது, மாடி முழுக்க வெளிச்சம் இல்லை, வெள்ளைக்காரர்கள் படிக்கட்டில் நிற்கிறார்கள், வேலை நேரத்தில் போன் எடுத்துத் தொந்தரவு செய்கிற உங்களுக்கெல்லாம் வேறு பிழைப்பு இல்லையா என்றார்.

பாராளுமன்றக் குழுத் தலைவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "மன்னிக்க வேண்டும் மாத்தயா," என்று ஐயா போட்டுச் சொன்னார். "இனி எடுக்கமாட்டோம்."

"எடுக்காமல் இருந்தால் சரி," என்று அந்த மனிதர் வைத்துவிட்டார்.

தலைவர் பின்னால் சாய்ந்து சிரித்தார் பாருங்கள், மரண உதவிச் சங்கத்துக் கதிரை தாங்குமா என்று அம்பிகைபாகன் எழுந்தே நின்றுவிட்டார். நல்லவேளை, தாங்கியது. சிரிப்பு அடங்கியதும் இன்னொரு பணிஸை எடுத்துக்கொண்டு "தொண்ணூறு" என்றார்.

தொண்ணூறு லெட்சுமிப்பிரியா, தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டம். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"வேலைக்குப் போறியா புள்ள?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர். பிள்ளைக்கு நாலு மாசம். வேலையெல்லாம் இல்ல."

பத்மாதேவி பேனாவைத் தூக்கினார். "எழுதுங்க மிஸ்," என்றார் வீரம்மா. உள்ளது உள்ளபடி இருக்கட்டும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப வயரிங் எல்லாம் மறந்து போச்சா?"

"ஐயோ, எப்படி டீச்சர் மறக்கும்? எங்க லயம், கீழ் லயம், பக்கத்துத் தோட்டத்துப் புது வீடு எல்லாத்துக்கும் நான்தானே போடுறேன். மாசத்துக்கு நாலு வீடு, அஞ்சு வீடு வருது. பிள்ளைய மாமிகிட்ட விட்டுட்டுப் போவேன். போன மாசம் அந்தக் காசுலதான் பிரிட்ஜ் வாங்கினோம்."

"பொறகு ஏண்டி வேலை இல்லைங்கிற?"

"பேரு பதியலையே டீச்சர்."

தோட்டத்து ஆட்களுக்கு அது அப்படித்தான். துரை ஆபீஸ் புத்தகத்தில் பேர் பதிந்தால்தான் வேலை. பதியாமல் செய்வதெல்லாம், எவ்வளவு உழைத்தாலும் எவ்வளவு சம்பாதித்தாலும், சும்மா ஒரு கைக்காரியம். வீரம்மா இதைத் தலைவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். தோட்டத் தொகுதி உறுப்பினர், ஆமாம், என் பக்கத்திலும் இதே பேச்சுத்தான் என்றார். தலைவர் பத்மாதேவியைத் திரும்பிப் பார்த்தார். "மாதம் ஐந்து வீடு வயரிங் செய்கிறவர் வேலை இல்லாதவரா?" என்று கேட்டார். அம்மாள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதியதை நேராக ஒரு கோடு போட்டு வெட்டினார்.

வீரம்மாவுக்கு அப்போதுதான் கால் நிலத்தில் பட்ட மாதிரி இருந்தது.

"ஒன்று கேட்கலாமா?" என்றார் தலைவர். "நூற்றுப் பன்னிரண்டு யார்? அவருடன் நான் பேசுகிறேன். நான் யார் என்று அவரிடம் சொல்லாதீர்கள்."

நூற்றுப் பன்னிரண்டு தெல்தெனிய ருக்கியா. உடனே எடுத்தாள். தலைவர் வணக்கம் சொல்லி, தன் வீட்டில் மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, மின்வேலை செய்கிற இரண்டு பாஸ்மார் வந்து பார்த்தும் சரிவரவில்லை என்றார். இது நடிப்பு என்றுதான் டீச்சர் நினைத்தார். பேசப் பேச, அந்த மனிதர் உண்மையாகவே அந்தச் சுவிட்சால் நொந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது.

"மழைக்கு மட்டுமா, வெயிலுக்கும் விழுகிறதா?" என்று அவள் சிங்களத்தில் கேட்டாள்.

"மழைக்கு மட்டும்."

"வெளியே கேட்டுக்கு லைட் போட்டிருக்கிறீர்களா?"

"இரண்டு."

"எப்போது போட்டது?"

"போன வருஷம். அதற்குப் பிறகுதான்..." தலைவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கே விளங்கிவிட்டது.

"அந்த லைட்டில் தண்ணீர் இறங்குகிறது. சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்கிறது, அதைக் குற்றம் சொல்லாதீர்கள். வந்து பார்க்கவேண்டும். ஆனால் இருபதாந் தேதிக்குப் பிறகுதான் முடியும். கையில் ஏழு வீடு கிடக்கிறது. என்னிடம் இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள்."

"கொஞ்சம் முன்னால் முடியாதா?"

"முடியாது ஐயா. முதலில் வந்தவர்களுக்கு முதலில். இது வீரம்மா டீச்சருடைய போன் இல்லையா? நீங்கள் யார்?"

டீச்சர் போனுக்குக் குனிந்தார். "ருக்கியா, இவரு பாராளுமன்றத்துல இருந்து வந்திருக்கிற சேர். குழுவுக்குத் தலைவரு."

அம்பிகைபாகன் மப்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்படியா டீச்சர்? சலாம் சொல்லுங்க," என்றாள் ருக்கியா. "ஆனா அவருக்கும் இருவதாந் தேதிக்குப் பொறகுதான். முந்திச் சொன்னவங்க ஈக்கிறாங்களே, என்ன செய்ற."

வீரம்மா அதை மொழிபெயர்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. தோட்டத் தொகுதி உறுப்பினர் மேசையைத் தட்டிச் சிரித்தார். தலைவர் சட்டைப்பையிலிருந்து தன் சின்ன டயரியை எடுத்து, இருபத்தோராந் தேதியில் ருக்கியாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

"டீச்சர், இன்னொன்டு," என்றாள் ருக்கியா. "ஆள் பத்தாம நான் படுற பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அங்க சும்மா ஈக்கிற பிள்ளை யாரும் வந்திருக்கா? கைரியா எங்க? அவட நம்பர் மாறிப் போச்சு."

முன்வரிசையில் கைரியா எழுந்தே விட்டாள். மேசைக்கு ஓடிவந்து, தலைவருக்கும் பத்மாதேவிக்கும் நடுவில் தலையை நீட்டினாள். "ருக்கியா, நான் இங்கதான் ஈக்கிறேன். எப்ப வரணும்?"

"திங்கக்கெழம."

"இன்டைக்கே வாறேன். பன்னெண்டு மணிக்குத் தெல்தெனிய பஸ் ஈக்கு."

வீரம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவருக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும், அதனால் யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை. கைரியா அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பத்மாதேவி பட்டியலையும் பேனாவையும் டீச்சரிடம் நீட்டினார். "ஒரு மாதம் தாறன். எல்லாருக்கும் போன் எடுத்து, எங்கே, என்ன வேலை எண்டு எழுதித் தாங்கோ. நான் திரும்ப ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்பன். இனிமேல் பழுப்பு உறை அனுப்பிறதில்லை எண்டும் எழுதுறன்." பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கி, "பதினொன்று பிழைதான்," என்றார். அதைச் சொல்வதற்கு அந்த அம்மாளுக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கும். வீரம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதிய தொகுதி முதலாந் தேதி தொடங்கட்டும்," என்றார் தலைவர் அம்பிகைபாகனிடம். "அந்தப் பரிந்துரையை நாங்கள் எடுத்துவிடுகிறோம்."

"ஓம் சேர்," என்றார் அம்பிகைபாகன், சிங்களமெல்லாம் மறந்துபோய்.

உறுப்பினர்கள் எழுந்தார்கள். வாகனச் சாரதிகள் கடைசித் தேநீரைக் குடித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள். நாலாவது இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் வந்து காதில் சொன்னார். தலைவர் எழும்பவில்லை. அவர் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யோகேஸ்வரியும் செல்வமலரும் மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே," என்றார். "டீச்சர், நூற்றுப் பதின்மூன்றைப் போடுங்கள். அங்கேயும் ஆள் வேண்டுமா என்று கேட்போம்."

யோகேஸ்வரி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.